அப்பச்சியிடம் வெளியே போகாதீர்கள் என்று சொல்லியாயிற்று, அப்புறம்?

வந்த கேள்வி இது: "பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பச்சிக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்போது 81 வயது, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 75. பிள்ளைகள் மூவரும் வெளியூர், நான் சிங்கப்பூரில். 2020, 2021ல் வாசல்படி தாண்டக் கூடாது என்று கண்டிப்பாக வைத்திருந்தோம். கொரோனா வரவில்லை. ஆனால் அப்பச்சி பாதி ஆளாகிவிட்டார், இன்றுவரை தேறவில்லை. இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது? மற்ற வீடுகளில் பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?"

2020ல் நீங்கள் அப்பச்சியை வீட்டோடு இருக்கச் சொன்னது சரிதான். எழுபது தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவருக்கு, அந்த நோய் எந்தப் பக்கம் திரும்பும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. அறுபது தாண்டிய பொதுமக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதே 2021 மார்ச் 1ஆம் தேதிதான். அதுவரை ஒதுங்கி இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே அந்த உறுத்தலை ஓரமாக வையுங்கள். நாம் பேச வேண்டியது, ஒதுங்கி இருந்த அந்தக் காலத்தில் அப்பச்சி நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைத்தான்.

நான் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் வயதானவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற மருத்துவன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

செட்டிநாட்டில் பெரியவர்கள் தனியாக இருப்பதைக் கொரோனாவா கொண்டுவந்தது? கானாடுகாத்தான், கோட்டையூர், ஆத்தங்குடி, ராயவரம், எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் பூட்டிய வீடுகள்தான் முதலில் கண்ணில் படும். திறந்திருக்கிற வீட்டில் ஓர் ஆச்சி, அல்லது ஆச்சியும் ஐயாவும், கூட்டிப் பெருக்கி உலை வைக்க வந்து போகும் ஓர் அம்மா, அவ்வளவுதான். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்திலேயே ஆண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே இருப்பார்கள், வீட்டைப் பெண்கள் நடத்துவார்கள். அதனால் வீட்டில் ஆள் இல்லை என்பதற்காக மட்டும் இந்த ஊர்ப் பெரியவர்கள் ஒடிந்துபோகவில்லை.

அவர்களை ஒடித்தது, வீட்டை விட்டு இறங்க இருந்த சின்னச் சின்னக் காரணங்கள் ஒரே நாளில் போனதுதான். காலையில் கோயில். பேங்கில் வட்டி ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கை நீட்டுவது. காய்க்கடையில் வாழைப்பூவுக்கு விலை பேசுவது. மாதத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது), ஒரு படைப்பு (முன்னோருக்குப் படைப்பது), எங்காவது ஒரு கேதம் (சாவு). இந்த ஊர்க்காரர்களுக்கு விசேஷத்துக்குப் போவது பொழுதுபோக்கு இல்லை, கடமை. யார் வீட்டுக்கு யார் போனார், யார் போகவில்லை என்பது பத்து வருடம் பேசப்படும். அந்தக் கணக்கில் ஒரு முக்கியமான ஆளாக இருந்தவரை, கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்று அரசு வரம்பு வைத்தபோது, "நீங்க வர வேண்டாம், உங்களுக்கு வயசாயிடுச்சு" என்று முதல் ஆளாகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

2020 மே 1ஆம் தேதி மத்திய உள்துறை போட்ட உத்தரவில், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் விதிவிலக்கு என்று இருந்தது. பல வீடுகளில் அந்த விதிவிலக்கை யாரும் படிக்கவில்லை. அரசாங்கத்தை விடப் பிள்ளைகள் கண்டிப்பாக இருந்தார்கள். முகப்புக் கதவைப் பூட்டிச் சாவியை வேலைக்காரம்மாவிடம் கொடுத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி ஒரு வீட்டில் ஓர் ஐயா. கொரோனாவுக்கு முன்பு காலை ஒன்பது மணிக்குள் குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை மாட்டி, பையில் பேனா செருகி, முகப்பில் வந்து உட்கார்ந்துவிடுவார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். ஊரடங்கு தொடங்கிய முதல் மாதமும் சட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்புறம் துண்டோடு உட்கார்ந்தார். அப்புறம் முகப்புக்கே வரவில்லை, உள்ளே பட்டாலை என்கிற கூடத்தில் ஈசிச்சேரோடு சரி. மழிப்பது வாரத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. வீட்டில் கேட்டால், "நல்லாத்தான் இருக்காங்க, சாப்பிடுறாங்க, தூங்குறாங்க" என்றார்கள். அன்றிலிருந்து யாராவது போனில் பெற்றோரைப் பற்றிக் கேட்டால், ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் நான் கேட்பது: "குளிச்சுச் சட்டை போடுறாங்களா?" சட்டையை நிறுத்திய மாதத்தைச் சொல்லிவிட்டால் எப்போதிலிருந்து இறங்க ஆரம்பித்தார் என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நேரெதிராக ஓர் ஆச்சி. எழுபத்தைந்து தாண்டியவர், காது மந்தம், முழங்கால் வலி. பேத்தி கல்யாணம் அந்த வருடமே நடந்தது. ஐம்பது பேர்தான் என்றானதும் யாரைக் கூப்பிடுவது, யாருக்குச் சொல்லிவிட்டால் போதும் என்று வீட்டில் பெரிய சிக்கல். முறை தெரிந்தவர் ஆச்சி ஒருவர்தான். ரப்பர் பேண்டு போட்ட நீள நோட்டு ஒன்று, பழைய கல்யாணங்களின் மொய்யும் செய்முறையும் எழுதியது, மடியில் இருக்கும். கண்ணாடிக் காம்பு உடைந்து நூலால் கட்டியிருக்கும். தினமும் பத்து மணிக்குச் சென்னையிலிருந்து மகள் போன் செய்வார், ஆச்சி தீர்ப்புச் சொல்வார். "அவுக வீட்டுக்கு நாம போகலன்னாலும் அவுக நமக்கு வந்தாக. விட முடியாது, எழுது." ஒரு பெயருக்காக இரண்டு நாள் சண்டை போட்டுப் பேசாமல்கூட இருந்தார்கள். அந்த ஆச்சி கல்யாணத்துக்குப் போகவில்லை, வீடியோவில்தான் பார்த்தார். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அவர் தளர்ந்து நான் பார்க்கவில்லை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற முக்கியமான பதில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தொற்றுக் காலத்தில் பெரியவர்களை மூச்சுக்காற்றிலிருந்துதான் தள்ளி வைக்க வேண்டும், பொறுப்பிலிருந்து தள்ளி வைக்கக் கூடாது. "எப்படி இருக்கீங்க" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டு, "இதை என்ன செய்யலாம்" என்று கேளுங்கள்.

அதற்காக வேலையை ஜோடிக்கக் கூடாது. பொழுது போகட்டும் என்று கொடுக்கிற வேலையை அவர்கள் ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர் செய்யாவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகிற வேலையாக இருக்க வேண்டும். ஊர் வீட்டில் எத்தனை பங்கு, எந்த அறை யாருடையது, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்பது உங்கள் தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பச்சியைச் சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள். ஓடு மாற்ற வேண்டும், கொத்தனாரிடம் விலை பேச வேண்டும் என்றால் சிங்கப்பூரிலிருந்து நீங்கள் பேசாதீர்கள், அவர் போனில் பேசட்டும். ஐந்நூறு ரூபாய் கூடப் போனால் போகட்டும். பிள்ளையார் நோன்பன்று இழை (மாவில் நூல் திரி வைத்து ஏற்றியது) எடுத்துக் கொடுக்கிற முறையையும் மாவு பிசைகிற பக்குவத்தையும் பேரப்பிள்ளைகளுக்கு ஆத்தா போனில் சொல்லித் தரட்டும். கொட்டான் (ஓலைக் கூடை) முடையத் தெரிந்தவர் என்றால் ஓலையும் சாயமும் வாங்கிக் கொடுத்து, அடுத்த விசேஷத்துக்கு இத்தனை வேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கேளுங்கள். விரல் வேலை, கண் வேலை, கணக்கு வேலை மூன்றும் அதில் இருக்கிறது.

அடுத்தது போன். வெளிநாட்டுப் பிள்ளைகள் தினமும் போன் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது மூன்று கேள்வியில் முடிந்துவிடுகிறது: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, வெளிய போகலையே? இது விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. அவர்களும் "ஆச்சுப்பா" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். உங்கள் இரவு ஒன்பது மணி அங்கே மாலை ஆறரை, விளக்கேற்றி டிவி போடுகிற நேரம். அவர்களுக்குத் தோதான நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரம் தவறாமல் கூப்பிடுங்கள். எப்போதாவது அரை மணி நேரம் பேசுவதை விட, சொன்ன நேரத்துக்குத் தினமும் ஐந்து நிமிடம் பேசுவது மேல். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர்கள் காலையிலிருந்தே செய்தி சேர்த்து வைப்பார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று காது. எழுபதைத் தாண்டியவர்களில் நிறையப் பேர் எதிரே பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியாது. முகக்கவசம் வந்ததும் உதடு மறைந்தது. வந்தவர்கள் தள்ளி நின்று முணுமுணுத்துவிட்டுப் போவது போலத்தான் அவர்களுக்கு இருந்தது. போனில் கேட்கவே கேட்காது. அதனால் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள், வீட்டிலோ "இப்பல்லாம் பேசுறதே இல்ல, மறதி வந்திருச்சு" என்றார்கள். உங்கள் அப்பச்சிக்குக் காது சோதனை செய்ததுண்டா? காதுக்கருவி வாங்கும்வரை, வயர் வைத்த சாதாரண ஹெட்போன் ஒன்று போதும், போன் பேச்சு தெளிவாகிவிடும். வீடியோவில் பேசும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டாமல், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள். கண்ணும் அப்படித்தான். 2020ல் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டபோது, 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்றிருந்த கண்புரை அப்படியே முற்றியது. பேப்பர் படிக்க முடியாமல், காதும் கேட்காமல் வீட்டில் அடைந்திருப்பது இரட்டைப் பூட்டு. அடுத்த தொற்று வரும்வரை காத்திருக்காமல் இந்த இரண்டையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

டிவி பற்றி ஒரு வார்த்தை. அந்த நாளில் தினமும் சாயங்காலம் சுகாதாரத் துறையின் எண்ணிக்கை வரும், மாவட்ட வாரியாக. சில ஐயாக்கள் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி நோட்டில் எழுதி வைத்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு சிலர் அதைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார்கள். உங்கள் வீட்டில் யார் எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது ரகமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் பகலில், செய்தி போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீடு. நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்தவில்லை. கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவும் நோய். மூடிய ஏசி அறைதான் அதற்குத் தோது, திறந்த முற்றமும் தெருத்திண்ணையும் அதற்கு ஆகாது. மகனுக்குக் கல்யாணமானதும் 'வேறு வைப்பது' இங்கே வழக்கம். ஒரே கூரை, ஒரே வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), ஆனால் தனி உலை, தனி அறை, தனிச் செலவு. ஒரு வீட்டுக்குள்ளேயே தள்ளி வாழ்வதற்கு ஏற்பாடு செய்து வைத்த கட்டடம் அது. சென்னையிலிருந்து யாராவது வந்திருந்தால் அவர்கள் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் இருக்கட்டும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் பெரியவர்களும் உட்கார்ந்து தாராளமாகப் பேசலாம். முகப்பில் அப்பச்சி, தெருவில் முகக்கவசத்தோடு பக்கத்து வீட்டுக்காரர், நடுவில் இரண்டு மீட்டர் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. அதைக்கூடத் தடுத்தது தேவையில்லாத கெடுபிடி என்பதுதான் என் கருத்து. மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்தின் மேலே ஷீட் போட்டு அடைத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதே வீட்டில் ஆபத்தும் இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல்லில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும். நிலைப்படிகள் உயரம். பழைய வீடுகளில் கழிப்பறை பின்கட்டைத் தாண்டி, கடைசியில். இரவு இரண்டு மணிக்குப் பட்டாலையிலிருந்து எழுந்து அரைத்தூக்கத்தில் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். ஊரடங்கு மாதங்களில் எனக்கு வந்த அவசர அழைப்புகளில் நிறைய இதனால்தான், கொரோனாவால் இல்லை. வழி நெடுக இரவு விளக்கு, சுவரில் பிடிகம்பி, படுக்கைப் பக்கத்தில் ஒரு நாற்காலிக் கழிப்பறை. கடைசியாகச் சொன்னதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து மறுப்பார்கள். "ராத்திரிக்கு மட்டும்" என்று சொல்லி வாங்கி வையுங்கள், பழகிவிடுவார்கள்.

உடம்பைப் பற்றி நீங்கள் கேட்ட 'பாதி ஆள்' விஷயம் பெரும்பாலும் தசைதான். சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007ல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. உங்கள் அப்பச்சி படுக்கையில் இல்லை, ஈசிச்சேரில் இருந்திருப்பார், பத்து நாள் இல்லை, பல மாதம். கோயிலுக்கும் கடைக்கும் நடந்த நடை நின்றதும் தொடைத் தசை கரைந்திருக்கும். அதோடு சாப்பாடு. இரண்டே பேர் என்றால் சமையல் சுருங்கிவிடுகிறது: காலையில் இட்லி, மதியம் ரசம் சோறு, இரவு கஞ்சி. மாவுச்சத்து மட்டும் இருக்கும், புரதம் இருக்காது. வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறேழு கிராம் என்று கூட்டிப் பாருங்கள், ரசம் சோற்றில் அது வராது. அசைவத்தை விட்டுவிட்டவர் என்றால் மண்டியில் (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற குழம்பு) மொச்சையை இன்னொரு கை கூடப் போடச் சொல்லுங்கள். சாயங்காலப் பலகாரம் வெள்ளைப் பணியாரத்துக்குப் பதிலாகச் சுண்டலாக இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கூட்ட வேண்டும்.

நடைக்கு வெளியே போக முடியாவிட்டால் என்ன, இந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பிலிருந்து பின்வாசல் வரை போய்த் திரும்பினாலே நல்ல நடை. காலையில் முற்றத்தில் வெயில் விழுகிற நேரத்தில் நடந்தால் தூக்கமும் சீராகும். ஆனால் நடை மட்டும் தசையைத் திரும்பக் கொடுக்காது. கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும், முடிந்தவரை, காலையும் மாலையும். ஆத்தா எண்ணட்டும்.

மருந்துக்கு இந்த வட்டாரத்தில் ஒரு விசேஷத் தொல்லை இருந்தது. ராயவரமும் அரிமளமும் புதுக்கோட்டை மாவட்டம், காரைக்குடி சிவகங்கை மாவட்டம். மக்களுக்கு அது ஒரே ஊர் மாதிரிதான், கடை, மருத்துவர், பேங்க் எல்லாம் காரைக்குடியில். 2020 ஆகஸ்ட் கடைசி வரை மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டியிருந்ததால் பக்கத்தில் இருக்கிற மருந்துக்கடை திடீரென்று எட்டாத தூரமாயிற்று. எனவே எப்போதுமே இரண்டு மாத மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும், மருந்துச் சீட்டின் படம் உங்கள் போனிலும் இருக்கட்டும். போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்த்து மருந்து எழுத மருத்துவர்களுக்கு 2020 மார்ச் 25 முதல் முறையான வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. அவர் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அப்படிப் பேசுவாரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டாயிற்றா என்பதையும் அப்படியே கேட்டுவிடலாம்.

இவ்வளவும் பெரிய வீட்டுக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டில் சமைக்க வரும் அம்மாவுக்கும் அறுபதுக்கு மேல்தான் இருக்கும். பூட்டிய வீட்டைக் காவல் காக்கும் தாத்தாவும் முதியவர்தான். "நீங்க வெளியில போயிட்டு வர்றீங்க, கொஞ்ச நாள் வர வேண்டாம்" என்று அவர்களை நிறுத்தியபோது பல வீடுகளில் சம்பளமும் நின்றது. அவர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் முதியோர் உதவித்தொகையையும் ரேஷன் அரிசியையும் வைத்துக்கொண்டு, மூச்சு விட ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பேரன்களோடு இருந்தார்கள். ஒதுங்கி இருங்கள் என்று அவர்களிடம் சொல்வதற்கு என்ன அர்த்தம்? அடுத்த முறை வந்தால், வேலைக்கு வர வேண்டாம் என்றாலும் சம்பளத்தை அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் பின்கட்டில் ஓர் அறை கொடுத்து அங்கேயே தங்க வையுங்கள். அப்படிச் செய்த வீடுகளில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் நன்றாக இருந்தார்கள், சாயங்காலம் தாயம் விளையாட ஆளும் கிடைத்தது. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கியது. அதில் அவர்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. சாவு அவர்களுக்குப் பெரிய பயம் இல்லை. "நான் போனா என் மகன் வந்து சேருவானா?" என்பதுதான் பயம். பிள்ளை இல்லாதவர்கள் பிள்ளை கூட்டிக்கொள்வதை (தத்து எடுப்பதை) கடமையாக நினைக்கிற சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வழக்கமான சர்வதேச விமானங்கள் 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை ஓடவில்லை. இடையில் சிறப்பு விமானங்கள் வந்தன, ஆனால் ஒரு சாவுக்கு மறுநாளே வந்து நிற்க முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இதைப் பேசினால் அபசகுனம் என்று பிள்ளைகள் தவிர்த்தார்கள், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று வாயை அடைத்தார்கள். பேசிய வீடுகளில் நிலைமை வேறு. "அப்பச்சி, ஒருவேளை என்னால வர முடியலன்னா யார் செய்யணும்?" என்று ஒரு மகன் நேராகவே கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, பங்காளி வீட்டுப் பையன் ஒருவர் பெயரைச் சொன்னார், பதினாறுக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னார், அப்புறம் காபி கேட்டார். அன்றிலிருந்து அவருடைய தூக்கம் மேம்பட்டது என்று வீட்டில் சொன்னார்கள். கேட்கத் தைரியம் வேண்டும், ஆனால் கேட்கலாம்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் இருமல் என்று வர வேண்டியதில்லை. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று தடுமாறிப் பேசுவது, பகலெல்லாம் தூங்குவது, காரணமில்லாமல் விழுவது, இரண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளுவது, இவையே முதல் அறிகுறியாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி ஒன்று வீட்டில் இருக்கட்டும். விரல் சில்லிட்டிருந்தாலும் மருதாணி வைத்திருந்தாலும் தப்பாகக் காட்டலாம், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். 94க்குக் கீழே நின்றால் காத்திருக்க வேண்டாம், 108.

மனச்சோர்வு இன்னும் தந்திரமாக வரும். நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். "பசிக்கல", "உடம்பெல்லாம் எரியுது", "நெஞ்சுல என்னமோ அடைக்குது" என்பார்கள். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கும், ஆனால் ஆள் சரியாக இருக்க மாட்டார். "எமன் என்னைய மறந்துட்டான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அது ஊர்ப்பேச்சு. அதையே சிரிக்காமல், யாரும் கேட்காதபோது சொன்னால், அல்லது நகையை நட்டை அவசரமாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தால், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்கள் இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம். அந்த எண்களைச் சமையலறைக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் மாற்றுச் சாவி இருப்பது அதைவிட நல்லது.

சரி, உங்கள் அப்பச்சி. 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று விட்டுவிடாதீர்கள். தொண்ணூறு வயதுக்காரர்களுக்கே முறையான பயிற்சியில் கால்பலம் கூடியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, 81 ஒன்றும் தாமதம் இல்லை. அடுத்து ஊருக்கு வரும்போது அவரை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். பதினைந்து வினாடிக்கு மேல் போனால், அல்லது முடியவே இல்லை என்றால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரை வாரத்தில் சில நாள் வரச் சொல்லுங்கள். இப்போதைய எடையையும் கொரோனாவுக்கு முன்பிருந்த எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பழைய மருத்துவச் சீட்டில் இருக்கும். தைராய்டு, ரத்தசோகை, பி12, சர்க்கரை, சோடியம், இவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. சோடியத்தைக் குறிப்பாகச் சொல்கிறேன், ரத்தக்கொதிப்புக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள் அதைக் குறைத்து ஆளை மந்தமாக்கிவிடும், உப்பையும் சேர்த்துக் குறைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் அவருடைய மாத்திரை டப்பாவை நீங்களே திறந்து பாருங்கள். 2020ல் தூக்கம் வரவில்லை என்று யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பகல் மந்தம், தள்ளாட்டம், மறதி மூன்றுக்கும் அது காரணமாக இருக்கலாம். இருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், அது வேறு வம்பு. அவருடைய மருத்துவரிடம் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.